செம்பு கறுக்கும் ஊரில்

2011 ஜூன் மாதம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம், கம்பெனியின் டேனரியில் ஒரு கணினி படுத்துவிட்டது என்று போன் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பு யார்டுக்குப் பின்னால் இரண்டு ஜன்னல் வைத்த சின்ன ஆபீஸ். பெட்டியைத் திறந்து பார்த்தபோது என்ன நடந்திருக்கிறது என்றே புரியவில்லை. மதர்போர்டில் செம்பு வெளியே தெரிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் அடியிலிருந்த பலகையைக் கழற்றினால், உள்ளிருக்கும் மோட்டாரையும் தலையையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய சின்னச் சின்னப் பட்டைகள் கரி பூசியதுபோல் இருந்தன. எரிந்த வாடை எதுவும் இல்லை. அந்த அறையில் இருந்தது வேறு வாடை.

லாட் ரிஜிஸ்டர் எழுதும் பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது நாலாவது பொட்டி தம்பி. இங்க எதுவும் வருஷம் தாண்டாது," என்றார். பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். ஒரு விரலில் மோதிரத் தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. "வெள்ளி மோதிரம். டூட்டிக்கு வரும்போது வூட்லயே கழட்டி வெச்சிடுவேன். போட்டுக்கினு வந்தா ஒரே வாரத்துல கறுத்துடும்."

கணினி அறிவியல் படித்த எனக்கு அன்றைக்குக் காரணம் சொன்னது அவருடைய மோதிரம்தான். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் காரம் இறங்கி அமிலம் சேரும்போது, தோலில் தங்கிய சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடாகக் கிளம்புகிறது. அழுகிய முட்டை வாடை அதுதான். அந்த வாயு பட்டால் செம்பும் வெள்ளியும் கறுக்கும். கணினிக்குள் எங்கும் செம்பு. ஒன்றைச் சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை: அதே வாயு டேனரிக் கழிவுக் குழிக்குள் இறங்கிய மனிதர்களைக் கொன்றிருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை அறியாத குடும்பங்கள் குறைவு. பெட்டி கறுப்பது அதற்கு முன்னால் மிகச் சிறிய விஷயம். ஆனாலும் என் வேலை பெட்டிகளோடுதான் இருந்தது.

அந்த டிஸ்க்கில் ஏழு மாதத்து லாட் விவரம் இருந்தது. எந்த லாட்டில் எத்தனை தோல், என்ன எடை, எந்த டிரம்மில் ஓடியது, எந்த மருந்து எத்தனை சதவீதம், குரோமில் பதனிட்ட ஈரத் தோலாக, அதாவது வெட் புளூவாக, எத்தனை எண்ணிக்கை தேறியது, எல்லாம். வெளியாள் ஒருவருக்கு இது கணக்குப்பிள்ளை வேலையாகத் தெரியலாம். இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் அதன் கனமே வேறு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்த டேனரிகள் பற்றிய அந்தத் தீர்ப்பு, கெடுத்தவர்களே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்தியது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்களில் டேனரி நடத்துவது என்றால் கணக்கு வைத்திருப்பது. கழிவுநீர் எத்தனை போனது, எந்த மருந்து எத்தனை செலவானது என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வாங்குவோரும் தணிக்கைக்கு வந்தால் ஒரு ஜோடி ஷூவைக் கையில் எடுத்து, இதன் தோல் எந்த லாட் என்று கேட்பார்கள். 2015 மே முதல் ஐரோப்பாவில் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சட்டமே வந்தது. லாட் எண் தொலைந்தால் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தும் பயனில்லை.

பாய் கணினியை நம்பாதவர். எல்லாவற்றையும் நீளவாக்கில் தைத்த நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை வைத்து அவரும் நானும் ஆபீஸ் பெண்கள் இருவரும் பதினோரு நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அந்தப் பதினோரு நாளில்தான் எனக்குள் ஒரு எண்ணம் விழுந்தது. டிஸ்க் இந்த அறையில் இருக்கவே கூடாது.

அடுத்த வருடம் மின்வெட்டு வந்தது. 2012ஐ தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜெனரேட்டர் இருந்தாலும் கரண்ட் போவதற்கும் அது எடுப்பதற்கும் நடுவில் சில நொடிகள் உண்டு. ஸ்டிட்ச்சிங் ஹாலில் தையல் மெஷின்கள் அந்த நொடிகளைத் தாங்கிக்கொள்ளும். ஊசி நின்று மறுபடி ஓடும். கணினி தாங்காது. பேட்டரி செத்த யூபிஎஸ்ஸோடு ஒரு நாளைக்கு ஆறு முறை விழுந்து எழும் டிஸ்க் எத்தனை நாள் ஓடும்? பஃபிங் பகுதியில் வேறு வியாதி. தோலைத் தேய்க்கும் தூசி மின்விசிறிக்குள் போய் கம்பளிபோல் படிந்து, பெட்டி சூடேறியே சாகும். இதற்கு மேல் பென் டிரைவ் வைரஸ்கள். நாற்பது கணினிக்கு நான் ஒருவன். காலையில் வந்ததிலிருந்து ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்துகொண்டே இருப்பேன்.

இதற்கு விடை முன்பே உலகத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஜிம் மெக்குயிலன் 1999இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், சுருக்கமாக எல்டிஎஸ்பி, டிஸ்க் இல்லாத பழைய பெட்டிகளை ஒரு சர்வரோடு கட்டி ஓட்டுகிற ஏற்பாடு. சென்னையிலேயே அசோக் ஜுன்ஜுன்வாலாவும் ராஜேஷ் ஜெயினும் நொவாடியம் என்ற நிறுவனத்தின் வழியாக வீட்டுக்கு வீடு மெலிந்த கணினி என்று ஒரு காலத்தில் முயன்றிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்தில். அப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸில் கூடுவார்கள். காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் போய், இரவுக்குள் திரும்பிவிடுவேன். கட்டணம் கிடையாது, யார் என்று கேட்க மாட்டார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுவார், அவ்வளவுதான். 2012இல் கணியம் மின்னிதழும் தொடங்கியிருந்தது. லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் படித்தது எனக்குத் தந்த தைரியத்தை இங்கே பதிந்து வைக்க விரும்புகிறேன். தாய்மொழியில் படித்தால் தப்பாகச் செய்துவிடுவோமோ என்ற பயம் பாதி போய்விடுகிறது.

2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. எங்கள் நாற்பதில் முப்பத்துநான்கு எக்ஸ்பி. புதிய பெட்டியும் புதிய உரிமமும் வாங்குவதற்கான விலையை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். அதன் கீழேயே இன்னொரு தாளும் வைத்தேன். இரண்டு சர்வர், நல்ல ஸ்விட்ச், பழைய பெட்டிகளிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அப்படியே பயன்படுத்துவது. முதல் தாளின் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. அவர் தொகையைப் பார்த்துவிட்டு உடனே தலையாட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இப்ப ஒரு பொட்டி நின்னா ஒருத்தர் நிக்கிறாங்க. உன் சர்வர் நின்னா?"

எல்லோரும் நிற்பார்கள் என்றேன். அதனால்தான் இரண்டு கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கேள்வியை நான் பிறகு எட்டு வருடம் சுமந்தேன். நாற்பது மேசையில் சிதறிக் கிடந்த பிழைகளை ஓர் அறைக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் இந்த வேலை. சேர்த்த பிறகு அந்த அறைக்கு ஒருவன் பதில் சொல்லியாக வேண்டும்.

உபுண்டு 12.04இல் தொடங்கினேன். முதலில் ஐந்து பெட்டி. பெட்டியை ஆன் செய்தால் அதன் நெட்வொர்க் கார்டு, எனக்கு முகவரி கொடுங்கள் என்று கேபிளில் கூவும். சர்வர் முகவரி கொடுத்து, தொடங்குவதற்கான கோப்பு எங்கே இருக்கிறது என்றும் சொல்லும். பெட்டி அதை இழுத்து நினைவில் வைத்துக்கொண்டு எழும். ஒரு நிமிடத்தில் லாகின் திரை. அதன்பிறகு தட்டச்சு செய்வதெல்லாம் சர்வருக்குப் போகும், படம் மட்டும் திரும்பி வரும். டேனரி ஆபீசில் வைத்த பெட்டியைப் பாய் தூக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லியே தம்பி, டப்பா," என்றார். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு டப்பா என்றே பெயர். "அண்ணா, டப்பா வரல" என்றால் எனக்குப் போதும்.

நான் பயந்தது லினக்ஸைப் பார்த்து ஊழியர்கள் மிரளுவார்கள் என்று. அதற்கு விடை எங்கள் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தது. 2011இலிருந்து பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. அதற்கும் முன்னால் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசு கணினிகளை லினக்ஸுக்குத் திருப்பிய முயற்சி ஒன்று நடந்திருந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த ஒரு பெண், பி.காம். அஞ்சல்வழியில் படித்துக்கொண்டே எங்கள் டைம் ஆபீசில் சேர்ந்திருந்தாள். லாகின் திரையைப் பார்த்ததும், "இது எங்க வூட்டு லேப்டாப்ல இருக்கிற மாதிரிதானே அண்ணா," என்று உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். மதியத்துக்குள் பக்கத்து மேசைக்காரர் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் தயாரித்த பயிற்சிக் குறிப்பு அப்படியே மேசையில் கிடந்தது.

தமிழுக்காகத் தனியாக ஒரு மாதம் செலவிட்டேன். பிஎஃப், இஎஸ்ஐ, விடுமுறை, ஷிஃப்ட் மாற்றம் என்று தொழிலாளர்களுக்கு ஒட்டும் அறிவிப்புகள் எல்லாம் பழைய எழுத்துருக் குறியீட்டில் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பையாகத் தெரியும். எண்ணூறுக்கு மேற்பட்ட கோப்புகள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பை வைத்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். ஒற்றைக் கொம்பு இடம் மாறிய சொற்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். தமிழ்99 விசைப்பலகையை எல்லோருக்கும் பொதுவாக வைத்தேன். எல்லாம் சர்வரில் இருப்பதால் ஒருமுறை வைத்தால் போதும், எல்லா மேசைக்கும் வந்துவிடும். தையல் ஹாலில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் படிக்கிற ஒரே மொழியில் எழுதும் அறிவிப்பு, எந்த மேசையில் திறந்தாலும் சரியாகத் தெரிய வேண்டும். இந்த ஏற்பாட்டில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஷூ பேட்டர்ன் வரையும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் வேறு கேட்கும். அந்த இரண்டு கணினியை நான் தொடவில்லை. கணக்குக்கு டேலி வேண்டும், அதை ஒரு விண்டோஸ் சர்வரில் முறையாக உரிமம் வாங்கி வைத்து, டப்பாக்களிலிருந்து எட்டிப் பார்க்கும்படி செய்தேன். ஓப்பன் சோர்ஸ் மீது எனக்குள்ள பிடிப்பு பெரியது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டிய ஒருவரிடம் என் பிடிப்பைத் திணிக்க எனக்கு உரிமை இல்லை.

முதல் வருடத்தின் மோசமான காலை ஒரு சின்ன வைஃபை ரவுட்டரால் வந்தது. சாம்பிள் ரூமில் யாரோ போனுக்காக அதை எங்கள் கேபிளில் செருகிவிட்டார்கள். டப்பாக்கள் முகவரி கேட்டுக் கூவினால் சர்வருக்கு முன்னால் அந்த ரவுட்டர் பதில் சொல்லியது. முகவரி கிடைக்கும், தொடங்கும் கோப்பு கிடைக்காது. பாதி கம்பெனி எழவில்லை. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு ஸ்விட்சில், முகவரி கொடுக்கும் பதில் சர்வர் இருக்கும் துளையிலிருந்து மட்டுமே வரலாம் என்று கட்டிவைத்தேன்.

ஆனால் எல்டிஎஸ்பியில் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நிரல் சர்வரில் ஓடினாலும், திரையை வரையும் பகுதி டப்பாவில்தான் ஓடும். டப்பாவுக்குக் கரண்ட் போனால் திறந்திருந்த ஜன்னல்களும் போய்விடும். சேமித்த கோப்பு பத்திரம். சேமிக்காத வரி போனது போனதுதான். பாய் ஒவ்வொரு வரிக்கும் சேவ் பொத்தானை அழுத்துவார். பொத்தானை அழுத்திவிட்டு, நோட்டிலும் எழுதுவார். அவர் இன்னும் என் சர்வரை நம்பவில்லை என்பது அந்த நோட்டிலேயே தெரிந்தது. அவர் நம்பாததில் நியாயம் இருந்தது.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததோடு எல்லாமே இணையத்துக்குள் போனது. ஒருவர் உலாவியில் இருபது தாவல் திறந்தால் அதே சர்வரைப் பகிர்ந்த மற்றவர்கள் எல்லோரும் திணறினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அடுத்த கட்டத்துக்குப் போனேன்: ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெய்நிகர்க் கணினி. கேவிஎம் என்ற தொழில்நுட்பம் 2007இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்தது. அதை உருவாக்கிய கும்ரநெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் குறியே மேசைக் கணினிகளை சர்வருக்குள் கொண்டுவருவதுதான். ரெட் ஹேட் 2008இல் அந்த நிறுவனத்தை வாங்கி, திரையைத் தொலைவுக்கு அனுப்பும் அவர்களுடைய ஸ்பைஸ் நெறிமுறையை அடுத்த வருடம் திறந்த மூலமாக வெளியிட்டது. மூடிய பொருளாக விற்கப்பட்ட ஒன்று பத்து வருடத்துக்குள் ஆம்பூரில் என் கைக்கு வந்தது அந்த ஒரு முடிவால். நிர்வகிக்க வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸை எடுத்துக்கொண்டேன்.

முறை இதுதான். ஒரு மெய்நிகர்க் கணினியை மிகுந்த கவனத்தோடு தயார் செய்வேன்: எழுத்துரு, விசைப்பலகை, பிரிண்டர், எல்லாம். அதற்குத் தாய் மெஷின் என்று பெயர். அதிலிருந்து கிளைகள். கிளைக்குத் தன் சொந்த மாற்றங்களை வைக்க மட்டும் இடம் போதும், மற்றதைத் தாயிடமிருந்து படித்துக்கொள்ளும். நினைவகத்திலும் அப்படியே, அறுபது மெஷின்களில் ஒரே மாதிரி இருக்கும் பக்கங்களைக் கரு தேடிப் பிடித்து ஒன்றாக்கிவிடும். காலை எட்டே முக்காலுக்குக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும், எல்லோரும் ஒரே சமயத்தில் உட்காருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சர்வர் மூச்சுத் திணறாமல் இருக்க, ஏழரை மணியிலிருந்து மெஷின்களை இருபது இருபது நொடி இடைவெளியில் எழுப்பி வைத்தேன். நானும் ஏழரைக்கே வந்துவிடுவேன். திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பது என் நாளின் நல்ல நேரம்.

இனி 2018 செப்டம்பர் மாதத்து அந்த மாலையைச் சொல்ல வேண்டும்.

சேமிப்பிடத்தை மெலிந்த முறையில் பிரித்திருந்தேன். கல்யாணத்துக்கு எண்ணூறு பேரை அழைத்துவிட்டு, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள் என்ற கணக்கில் அறுநூறு பேருக்கு பிரியாணி தேக்சா ஏற்றுவதுபோல. அறுபத்திரண்டு மெஷினுக்கும் தலைக்கு 60 ஜிபி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கையில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. இதில் குற்றம் இல்லை, எல்லோரும் செய்வதுதான். குற்றம் வேறு இடத்தில். மெஷினுக்குள் அழித்த கோப்பின் இடம் கீழே திரும்பி வருவதற்கான ஓர் அமைப்பை நான் போடவில்லை. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்னாலும் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளையும் நீக்கவில்லை. அளவு நிரம்புகிறது என்று எச்சரிக்கும் ஏற்பாடும் இல்லை. மூன்றும் என் தவறு.

மாலை நாலு பத்துக்கு எல்லாத் திரைகளும் அப்படியே உறைந்தன. சுட்டி நகரவில்லை. பிராக்ஸ்மாக்ஸில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக மஞ்சள் முக்கோணமாக மாறின. வாசலில் கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளி சென்னைத் துறைமுகத்தில் கப்பலுக்கு அந்தக் கன்டெய்னர் சேர வேண்டிய கெடு அடுத்த நாள் காலை. பேக்கிங் லிஸ்ட் உறைந்த மெஷின் ஒன்றுக்குள் இருந்தது. ஏற்றுமதிப் பிரிவில் இருந்த அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "எவ்ளோ நேரம் ஆகும்னு மட்டும் சொல்லு, டிரைவர சாப்பிட அனுப்பிடறேன்," என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. என் வேலை வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எழுத இடம் இல்லாமல் போனால் மெய்நிகர்க் கணினி செத்துப்போகாமல் அந்தக் கணத்திலேயே நிறுத்திவைக்கப்படும். அதை வடிவமைத்தவர்களின் முன்யோசனை அன்று எங்களைக் காப்பாற்றியது. இரண்டாவது சர்வரிலிருந்து ஒரு எஸ்எஸ்டியைக் கழற்றி முதல் சர்வரில் செருகினேன். அதைத் தொகுப்பில் சேர்த்து, சேமிப்பிடத்தை நீட்டித்தேன். கட்டளைகளை முதலில் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்த பிறகே தட்டினேன். தப்பான டிஸ்க்கின் பெயரை அடித்தால் எல்லாம் போய்விடும். பிறகு ஒவ்வொரு மெஷினாக மறுபடி ஓடவிட்டேன். ஐம்பத்தொன்பது, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தன. மூன்றில் கோப்பு முறைமை பழுதாகிவிட்டது. அவற்றை முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து எடுத்தேன். அந்த மூவருக்கும் ஒரு நாள் வேலை போனது. அடுத்த நாள் காலை மூவர் மேசைக்கும் தனித்தனியாகப் போய், இது என்னால் நடந்தது என்று சொன்னேன்.

லாரி இரவு எட்டு மணிக்குக் கிளம்பியது. அதற்குப் பிறகு எழுபது சதவீதத்தில் ஒரு குறுஞ்செய்தி, எண்பதில் ஒரு அழைப்பு என்று கட்டினேன். டைம் ஆபீஸ் பெண்ணை என்னோடு சேர்த்துக்கொள்ள முதலாளியிடம் அனுமதி கேட்டதும் அந்த மாதம்தான். ஒரே ஆளின் தலைக்குள் இருக்கும் ஏற்பாடு, ஒரே டிஸ்க்கில் இருக்கும் ரிஜிஸ்டரைப் போன்றது. ஒவ்வொரு கட்டளைக்கும் அவள் "ஏன்?" என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல முடியாத கட்டளைகள் என்னிடம் எத்தனை இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது டேனரியின் டிரம்களில் தோல் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் அழுகிவிடும். அதை முடிக்கச் சிலர் உள்ளேயே தங்கினார்கள். ஆபீஸ் ஆள்கள் எல்லோரும் வீட்டில். ஐரோப்பாவில் கடைகள் மூடியிருந்தன. ஆர்டரை நிறுத்து, தள்ளிவை என்று அஞ்சல்கள் குவிந்துகொண்டிருந்தன. யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். சோதனைக்காகப் போட்டு வைத்திருந்த குவாக்கமோலே அப்போது உதவிக்கு வந்தது. அது மெய்நிகர்க் கணினியின் திரையை உலாவிக்குள் கொண்டுவரும் திறந்த மூல நுழைவாயில். வீட்டில் எதையும் நிறுவ வேண்டாம், ஓர் இணைய முகவரி போதும். கடவுச்சொல்லோடு போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்க எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி பூட்டினேன். மூன்று நாளில், மாதனூரிலும் குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போன் ஹாட்ஸ்பாட்டில் தங்கள் ஆபீஸ் மேசையைத் திறந்தார்கள். சிலர் திறந்தது அந்தப் பழைய அரசு மடிக்கணினியில்.

அந்த நாள்களில் ஒரு மேலாளர் என்னிடம், யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும், எல்லோர் திரையையும் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும். குவாக்கமோலேயில் அந்த வசதி இருக்கிறது. நிர்வாகியாக இருப்பவனுக்கு எல்லா மேசையின் சாவியும் கையில். வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒருத்தியின் திரையை அவளுக்குத் தெரியாமல் பார்க்க அந்தச் சாவியைப் பயன்படுத்த மாட்டேன் என்று சொன்னேன். உள்நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் தருகிறேன், அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் தருவேன் என்றேன். விஷயம் முதலாளிவரை போனது. அவர் என் பக்கம் நின்றார். இந்த வேலைக்கு வருகிற இளையவர்களிடம் கட்டளைகளுக்கு முன்னால் நான் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

2022இல் வேலூரில் வேறு வேலைக்கு மாறினேன். சாவிகளை அந்த டைம் ஆபீஸ் பெண்ணிடம் ஒப்படைத்தேன். சில காலம் கழித்து, ஒரு பொங்கலுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது கம்பெனிக்குள் நுழைந்தேன். அவள் டேனரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, பாய் ஆபீஸ்ல டப்பா வரலயாம்." கையில் ஒரு மாற்று டப்பா. விசிறியே இல்லாத, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டி.

சுண்ணாம்பு யார்டு வாடை மாறவில்லை. பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் அதே நாற்காலி. பழைய டப்பாவை அவள் திறந்து என்னிடம் நீட்டினாள். உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. நாலரை வருடம் தாங்கியிருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, புதியதைச் செருகி, மூன்று கேபிளை மாட்டினாள். லாகின் திரை வந்தது. பாய் தன் கடவுச்சொல்லை ஒற்றை விரலால் அடித்தார்.

லாட் ரிஜிஸ்டர் திறந்தபடியே வந்தது. தோல் எண்ணிக்கை, எடை, டிரம் எண் வரை அடித்திருந்தார். மருந்துக் கட்டத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் மேசையின் மேல் நோட்டைத் தேடினேன். இல்லை. பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையிலிருந்த சீட்டைப் பார்த்து, அடுத்த எண்ணை அடித்தார்.